நகரக் காய்ச்சலும் புற்காட்டுக் காய்ச்சலும்

காய்ச்சல் என்னும் ஒரே சொல்லால் நாம் எத்தனையோ நோய்களை அழைத்து வருகின்றோம். உடம்பு கொதிக்கின்றது, தலை இடிக்கின்றது, நா வறளுகின்றது என்றால் அது காய்ச்சல். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தால் மூன்றாம் நாள் மாறிவிடும் என்பது வீட்டுப் பெரியவர்கள் கூறும் தீர்ப்பு. பெரும்பாலும் அத்தீர்ப்புப் பலித்தும் விடுகின்றது. பலிக்காத இடத்திலேதான் வைத்தியருடைய வேலை தொடங்குகின்றது. மூன்றாம் நாளும் போய், ஏழாம் நாளும் போய், பத்தாம் நாளிலும் இறங்காமல் நிற்கின்ற காய்ச்சலுக்குப் பெயர் என்ன? பெயர் தெரிந்தாலன்றோ மருந்து தெரியும்?

அவ்வாறு பெயர் தெரியாமல் நெடுங்காலம் மறைந்து திரிந்த காய்ச்சல்கள் இரண்டின் வரலாற்றையே இன்று நாம் கூற எடுத்துக்கொண்டோம். அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஒரே நகரத்து வைத்தியசாலைக் கட்டில்களில் அருகருகே கிடந்தன. அவற்றை வேறு பிரித்து அறிந்த இடம் மலாயாவின் தலைநகரான கோலாலம்பூர். நம்மவர்களிற் பலருக்குப் பாட்டனாரும் பாட்டனாரின் தமையனாரும் உத்தியோகம் பார்த்த ஊர் என்ற உறவும் அந்நகருக்கு உண்டு. அங்கு கண்டறியப்பட்ட உண்மை இன்று யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் வேண்டியதாக இருக்கின்றது என்பதே அதனை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம்.

பெயரால் வந்த மயக்கம்

தைபசு வேறு, தைபோயிட்டு வேறு. இதனை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தைபோயிட்டு என்பது நம் ஊரில் நெருப்புக் காய்ச்சல் எனப்படுவது. அது அசுத்தமான நீராலும் உணவாலும் வயிற்றுக்குட் புகும் நோய். தைபசு என்பதோ பேன், தெள்ளு, சிற்றுண்ணி முதலிய சிற்றுயிர்களால் இரத்தத்துக்குட் புகும் நோய். இரண்டுக்கும் கிருமியும் வேறு, வழியும் வேறு.

அவ்வாறாயின் பெயர்கள் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? புகை, மயக்கம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது தைபசு என்னும் பெயர். நோயாளியின் அறிவு புகை மூடியது போல மங்கிக் கிடப்பதால் அப்பெயர் இடப்பட்டது. தைபோயிட்டு என்றால் தைபசைப் போன்றது என்பதே பொருள். இரண்டும் ஒன்றென்றே ஐரோப்பிய வைத்தியர்கள் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1837 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்து வைத்தியரான வில்லியம் கெர்ஹாட் என்பவர், இறந்தோரின் குடல்களை ஆராய்ந்து, தைபோயிட்டில் குடலிற் புண் இருக்கும், தைபசில் இராது என்று பிரித்துக் காட்டினார். பெயரளவில் மட்டும் உறவு நிலைத்து, இன்றும் செய்தித்தாள் படிப்போரை மயக்கிக்கொண்டிருக்கின்றது.

குளிர்நாட்டுக் கொள்ளைநோய்

பழைய தைபசு குளிர்நாடுகளின் நோய். யுத்தமும் பஞ்சமும் எங்கு சென்றனவோ அங்கெல்லாம் அதுவும் சென்றது. 1812 ஆம் ஆண்டில் உருசியா மீது படையெடுத்துச் சென்ற நெப்போலியனின் பெருஞ்சேனையை அழித்தவற்றுள் பனியும் பசியும் மாத்திரமல்ல, தைபசும் ஒன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நாஜிகளின் சிறைமுகாம்களிலும் அது ஆயிரமாயிரம் உயிர்களைக் கொண்டது.

அது எவ்வாறு பரவுகின்றது என்பதை 1909 ஆம் ஆண்டில் தூனிசு நகரிலே சார்ள் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். தைபசு நோயாளி வைத்தியசாலை வாசலுக்கு வெளியே இருக்கும்வரை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கின்றான். அவனுடைய உடுப்புகளைக் களைந்து, குளிப்பாட்டி, உள்ளே படுக்கவைத்த பின்னர் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. இதனைக் கவனித்த நிக்கோல், களைந்தெறிந்த அந்த உடுப்புகளிலேதான் குற்றவாளி இருக்கவேண்டும் என்று ஊகித்தார். அது சீலைப்பேன். இக்கண்டுபிடிப்புக்காக 1928 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கிருமியைத் தேடியவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்க அறிஞர் ஹவாட் ரிக்கெட்ஸ் 1910 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரில் இதே நோயால் இறந்தார். பின்னர் புரோவாசெக் என்பவர் 1915 ஆம் ஆண்டில் இதற்கே இரையானார். கிருமியை இனங்கண்ட டா றோச்சா லீமா என்னும் பிரேசில் நாட்டவர், இறந்த இருவரின் பெயரையும் சேர்த்து அதற்கு ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று பெயரிட்டார். இன்றும் இக்குடும்பத்துக் கிருமிகள் ரிக்கெட்சியா என்றே வழங்குகின்றன. அவை உயிருள்ள உயிரணுவுக்குள்ளே மாத்திரம் பெருகுபவை. ஆதலால் சாதாரண கிருமிகளைப் போல அவற்றைக் கண்ணாடித் தட்டில் ஊட்டி வளர்க்க முடிவதில்லை.

குளிர் நாட்டவர் மாதக்கணக்கில் மாற்றாத கம்பளி உடையின் மடிப்பிலேதான் சீலைப்பேன் செழித்து வளரும். நாள்தோறும் முழுகி, மெல்லிய துணியைத் தோய்த்து உடுக்கும் வெப்பநாட்டு மக்களிடத்தில் அதற்கு இடமில்லை. பேன் இல்லையேல் தைபசும் இல்லை என்று வைத்தியர்கள் முடிவுகட்டினர். இந்த முடிவு நியாயமாகவே தோன்றிற்று. ஆயினும் அது முழு உண்மையன்று.

ஈயம் தந்த நகரம்

கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் சேற்றுக் கரையிலே, வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் எழுந்த ஊர் கோலாலம்பூர். 1896 ஆம் ஆண்டில் அது ஐக்கிய மலாய் நாடுகளின் தலைநகராயிற்று. சீனர்களின் கடைத்தெருக்கள் நீண்டன. சுற்றிலும் காடு வெட்டப்பட்டு றப்பர்த் தோட்டங்கள் பரவின. அவற்றிற் பால் வெட்டுவதற்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். புகையிரதப் பகுதியிலும் கச்சேரிகளிலும் கணக்கெழுத யாழ்ப்பாணத்தவர் சென்றனர்.

இவ்வாறு காட்டின் நடுவே திடீரென மக்கள் திரண்ட இடத்தில் நோய்கள் மலிந்தமையில் வியப்பில்லை. அவற்றை ஆராய்வதற்கென்றே 1900 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றியவர்களுள் ஒருவர் டாக்டர் வில்லியம் பிளெச்சர். தமிழ் வாசகர்கள் அவரை மற்றுமொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் நன்று. தீட்டிய பச்சை அரிசியை உண்போருக்குப் பெரிபெரி நோய் வருகின்றது, புழுங்கல் அரிசியை உண்போருக்கு வருவதில்லை என்பதைக் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 ஆம் ஆண்டில் தொடங்கிய பரிசோதனையால் எடுத்துக்காட்டியவர் அவரே. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் குற்றியதன் சிறப்பை அவர் தம் கணக்குகளாலே மெய்ப்பித்தார்.

அதே பிளெச்சர், 1920 களின் நடுப்பகுதியில், லெஸ்லர் என்னும் துணைவருடன் சேர்ந்து வேறொரு புதிரில் இறங்கினார். வைத்தியசாலைக்கு ஒருவகைக் காய்ச்சற்காரர் வந்துகொண்டிருந்தனர். இரண்டு வாரம் நிற்கும் கடுங்காய்ச்சல், பொறுக்கவொண்ணாத தலையிடி, உடம்பெங்கும் மெல்லிய செந்தடிப்பு, மங்கிய அறிவு. பார்வைக்கு இது தைபசேதான். ஆயின் நோயாளிகளின் உடலிலே பேன் இல்லை. ஒருவரிடமிருந்து அவர் வீட்டார்க்குத் தொற்றுவதும் இல்லை. மலேரியா என்று கொயினா கொடுத்துப் பயனில்லை. நெருப்புக் காய்ச்சலுக்குரிய இரத்தப் பரிசோதனையும் இல்லை என்றே சொல்லிற்று.

சீசாவுக்குள் இருந்த தற்செயல்

தைபசை அறிவதற்கு அந்நாளில் ஒரு பரிசோதனை இருந்தது. 1916 ஆம் ஆண்டில் வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் அதனை வகுத்தனர். புரோட்டியசு என்பது தைபசுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரண கிருமி. ஆயினும் தைபசு நோயாளியின் இரத்தநீரை அதனோடு கலந்தால் அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. ஒருவருடைய வீட்டுத் திறப்பு, உறவே இல்லாத அயலவர் வீட்டுப் பூட்டையும் திறந்துவிடுவது போன்றது இது. நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பு ஆக்கிய பொருள், வெளித்தோற்றத்தில் அதனைச் சிறிது ஒத்திருக்கும் புரோட்டியசையும் பற்றிக்கொள்கின்றது. வைல் 1922 ஆம் ஆண்டில் தாம் ஆராய்ந்த நோயாலேயே உயிரிழந்தார். அவர் பரிசோதனை உலகெங்கும் பரவிற்று.

கோலாலம்பூர் நிலையத்திலும் இப்பரிசோதனைக்கென இரண்டு புரோட்டியசு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சோ நகரத்து வித்து. மற்றையது டாக்டர் கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வித்து. பெயரளவில் இரண்டும் ஒரே சரக்கு. ஒரே மூட்டை நெல்லை இரு குடங்களில் வைத்தது போல, எதனை எடுத்தாலும் ஒரே பயன் என்றே கருதலாம். ஆனால் நடந்தது வேறு. சில நோயாளிகளின் இரத்தநீர் வார்சோ வித்தை மாத்திரம் திரளச் செய்தது. கிங்ஸ்பரி வித்தைத் தீண்டவில்லை. வேறு சிலரின் இரத்தநீர் கிங்ஸ்பரி வித்தை மாத்திரம் திரளச் செய்தது. வார்சோ வித்தைத் தீண்டவில்லை.

கிங்ஸ்பரி கொண்டுவந்த வித்து, பெயர்ச்சீட்டிற் சொல்லப்பட்ட இயல்பை உடையதாக இருக்கவில்லை. பின்னாளில் அது புரோட்டியசின் வேறோர் இனத்தைச் சேர்ந்தது என வகுக்கப்பட்டது. தவறிய வித்து என்று அதனைக் கழித்துத் தொட்டியில் ஊற்றியிருப்பார்களேயானால், இக்கட்டுரைக்கு இடமே இராது. பிளெச்சரும் லெஸ்லரும் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு வித்துகள் இரண்டு விதமாக விடை சொல்லுகின்றன என்றால், கேள்வியும் இரண்டாக இருக்கலாமன்றோ என்று எண்ணினர். கிங்ஸ்பரியின் பெயரின் முதலெழுத்து அவ்வித்தின் பெயரோடு ஒட்டி, கே என்னும் அடையாளமாக இன்றும் பரிசோதனைச் சாலைகளில் வழங்குகின்றது.

உமக்கு எங்கே வேலை?

அடுத்து அவர்கள் செய்த செயல் எளியது; ஆயினும் பலரும் செய்ய மறப்பது. நோயாளி எங்கே வசிக்கின்றான், என்ன தொழில் செய்கின்றான் என்பதைக் கணக்கெடுத்தனர். இரத்தநீர் எந்தக் கோட்டிற் பிரிந்ததோ, அதே கோட்டிலே தொழிலும் பிரிந்தது.

வார்சோ வித்தைத் திரளச் செய்தவர்கள் பெரும்பாலும் நகரத்தவர். கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்தவர்கள். கிங்ஸ்பரி வித்தைத் திரளச் செய்தவர்கள் வெளியிலே, புல்லும் பற்றையும் மண்டிய நிலத்தில் உழைத்தவர்கள். மலாயாவில் லாலாங் என்றும் நம் நாட்டில் இலுக்கு என்றும் சொல்லப்படும் புல் வளர்ந்த தரிசுகளும், 1917 ஆம் ஆண்டுக்குப் பின்னர் செலங்கூரில் எழுந்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் அவர்கள் தொழில் செய்த இடங்கள். அத்தோட்டங்களிற் கத்தி பிடித்தவர்களுட் பலர் தமிழர்கள். முன்னையதற்குக் கடைத் தைபசு என்றும், பின்னையதற்குப் புற்காட்டுத் தைபசு என்றும் பெயர் வழங்கலாயிற்று.

ஒரே நகரத்து வைத்தியசாலையில் ஒரே நோய் என்று எண்ணப்பட்டவை, இரு வேறு நிலங்களிலிருந்து வந்து சேர்ந்த இரு நோய்களாயின. கூலியாளின் தொழிலும் குடியிருப்பும் வைத்தியப் புத்தகத்திற் சேரவேண்டிய செய்திகள் என்பதைக் கோலாலம்பூர் உலகுக்குக் கற்பித்தது என்று கூறினால் அது மிகையாகாது.

எலியும் தெள்ளும்

கடைத் தைபசைக் கொண்டுவருவது யாது? அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களிலும் இதைப் போன்ற பேனில்லாத் தைபசு காணப்பட்டது. மாக்சி என்னும் அறிஞர் 1926 ஆம் ஆண்டில், எலிகளின் மீது வாழும் சிற்றுயிரொன்றைச் சந்தேகித்து எழுதினார். 1931 ஆம் ஆண்டில் டயர் என்பவரும் அவருடைய துணைவர்களும் பால்டிமோர் நகரத்து எலித்தெள்ளுகளிலிருந்து கிருமியைப் பிடித்துக் காட்டினர்.

தெள்ளு இக்கிருமியைச் செலுத்தும் வகை அருவருப்பானது, எனினும் அறியவேண்டியது. கடிவாயினால் அன்று, தன் எச்சத்தினாலேயே அது பெரும்பாலும் நோயைத் தருகின்றது. கடித்த இடத்திலே எச்சமிடுகின்றது. தினவெடுத்து நாம் சொறியும்போது நம் நகமே கிருமியைத் தோலுக்குள் உழுது விதைக்கின்றது. காய்ந்து தூளான எச்சம், களஞ்சியத் தூசியோடு மூக்கிலும் கண்ணிலும் படிவதும் உண்டு. எலிக்கு இந்நோய் பெருந்துன்பம் செய்வதில்லை. கொள்ளைநோயாகிய பிளேக்கில் எலிகள் செத்து விழுந்து ஊரை எச்சரிக்கும். இதிலோ எலி நலமாக ஓடித் திரிய, மனிதனே படுக்கையில் விழுகின்றான். ஆகையால் நோய் மூட்டும் எலி எது என்று கண்ணாற் கண்டறிய வழியில்லை.

அரிசி மூட்டை அடுக்கிய கடை, கொப்பறாக் கிட்டங்கி, துறைமுகம், மூடாத வாய்க்கால், குப்பை குவிந்த சந்தைப் பின்புறம் ஆகியன எல்லாம் எலிக்கு இல்லங்கள். வெப்பநாட்டு நகரம் ஒவ்வொன்றும், தானியத்தைக் குவிக்கின்றபோதே இக்காய்ச்சலுக்கும் இடந்தருகின்றது. செல்வமிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2018 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுப்பகுதியிலேயே, வீடற்றோர் தெருவில் தங்கும் இடங்களை ஒட்டி இந்நோய் பரவிற்று.

புல்லுக்குள் ஒளிந்திருப்பது

புற்காட்டுத் தைபசின் கதை வேறு. அதனை ஆராய்ந்து முடிவு கண்டவர்கள், பிளெச்சருக்குப் பின் அதே நிலையத்திற் பணியாற்றிய லூத்வைட் என்னும் ஆங்கிலேயரும் சவூர் என்னும் இந்தியரும் ஆவர். 1930 களில் அவர்கள் ஆய்வு மிருகங்களைக்கொண்டு ஆண்டுக்கணக்கிற் பரிசோதித்தனர். மலாயாவின் கடைத் தைபசு, உலகின் பிற நகரங்களில் எலித்தெள்ளு பரப்பும் தைபசே. புற்காட்டுத் தைபசோ, யப்பானிய ஆற்றங்கரைகளிலே உழவரை நெடுங்காலமாகக் கொன்றுவந்த சுட்சுகமுசி நோயே என்று அவர்கள் நிலைநாட்டினர்.

இதனைப் பரப்புவது ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. மணற்பருக்கையிலும் சிறியது, செந்நிறமானது. வளர்ந்த உண்ணி மண்ணிலே பூச்சி முட்டைகளைத் தின்று திரியும், மனிதனை அணுகாது. குஞ்சுப் பருவத்தில் ஒரேயொரு முறை மாத்திரம் அதற்கு மிருகத்தின் உடற்சாறு வேண்டும். புல்நுனியிற் காத்திருந்து, கடந்து செல்லும் எலி மீது ஏறும்; எலி வராமல் மனிதன் வந்தால் அவன் காலில் ஏறும். வாழ்நாளில் ஒரு முறையே கடிக்கும் உயிர் எவ்வாறு நோயைப் பெற்றுப் பின் கொடுக்கின்றது? தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கிருமி இறங்குகின்றது. ஆகவே உண்ணிப் பரம்பரை வாழும் நிலத்துண்டே நோயின் நிரந்தரக் கொட்டில் ஆகிவிடுகின்றது. ஒரு வயலின் இம்மூலை ஆபத்தானதாகவும், பத்து யார் தள்ளி உள்ள அம்மூலை பாதுகாப்பானதாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவிலும் அசாம் எல்லையிலும் போரிட்ட படைகளுக்குள் இந்நோய் புகுந்து பெருந்தொல்லை விளைத்தது. இலங்கைக் காடுகளிற் பயிற்சி பெற்ற படையினரும் இதற்கு ஆளாயினர். உண்ணியைக் கொல்லும் எண்ணெயிலே சீருடையைத் தோய்த்து அணியும் வழக்கம் அப்போது வந்தது. ஆயின் நோய் பிடித்தவனுக்குக் கொடுக்க மருந்தொன்றும் இருக்கவில்லை. நல்ல தாதியர் பணிவிடையும் நோயாளியின் உடல்வலிவும் தவிர வேறு துணையில்லாத நிலையில், சில இடங்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டனர்.

1948 ஆம் ஆண்டு

வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947 ஆம் ஆண்டில் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ரிக்கெட்சியா இனத்துக் கிருமிகளை அது கொல்லுகின்றது என்பது பரிசோதனைச் சாலையிலே தெரியவந்தது. அதனை மனிதரிற் பரீட்சிக்க யோசேப் சிமேடல் என்பவரின் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கோலாலம்பூர் வந்திறங்கிற்று. லூத்வைட்டும் சவூரும் அவர்களோடு இணைந்தனர்.

மருந்து கொடுத்த நோயாளிகளின் காய்ச்சல் ஓரிரு நாளிலே இறங்கிற்று. இரண்டு வாரம் உயிருக்குப் போராடியவர்கள், மூன்றாம் நாளிற் பாயில் எழுந்திருந்து கஞ்சி கேட்டனர். அப்பொழுது நிகழ்ந்த மற்றொரு தற்செயலும் சொல்லத்தக்கது. புற்காட்டுத் தைபசு என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது தைபோயிட்டு, அதாவது நமது நெருப்புக் காய்ச்சல். அவரும் தேறினார். அதன் பயனாக நெருப்புக் காய்ச்சலுக்கும் முதன்முறையாக ஏற்ற மருந்து கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெயரால் மயக்கிய இரு நோய்கள், ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே மருந்துக்குப் பணிந்தன.

இன்று குளோரம்பெனிக்கோல் முதன்மை இழந்துவிட்டது. விலை மலிந்த டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தே இப்போது முதலிடத்தில் உள்ளது. நோய் முற்றியவர்களுக்கு அதனோடு அசித்திரோமைசின் என்னும் மருந்தையும் சேர்த்து நாளத்தின் வழியே கொடுப்பது மேலும் நன்மை தரும் என்பதனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று இந்திய வைத்தியசாலைகளில் நடத்திய ஆராய்ச்சி 2023 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. கே வித்தும் புரோட்டியசுப் பரிசோதனையும் பழையனவாகிவிட, அவற்றிலும் நுட்பமான பரிசோதனைகள் வந்துள்ளன.

நம் வாசலில்

இவ்வளவும் பழங்கதை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. இலங்கையில் தைபசுக் காய்ச்சல் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்று. அண்மைக் கால அறிக்கைகளில், இந்நோய் கண்டோரெனக் கணக்கிடப்படுவோரிற் கணிசமான தொகையினர் யாழ்ப்பாண மாவட்டத்தவராய் இருந்து வருகின்றனர். தெள்ளினால் வருவதும் சிற்றுண்ணியால் வருவதும் இந்நாட்டில் உண்டு. மலைநாட்டிலே வேறொரு சகோதர நோயும் உண்டு.

மருந்து மலிவானது, பலன் விரைவானது. அவ்வாறிருந்தும் உயிர்கள் ஏன் இழக்கப்படுகின்றன? பெயர் தெரிவதற்குள் நாள்கள் கழிந்துவிடுவதாலேதான். டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் எல்லாக் காய்ச்சலும் டெங்கென்றே தோன்றும். வேறு பல நோய்களுக்குக் கைகண்ட பென்சிலின் வகை மருந்துகள் ரிக்கெட்சியாக்களை ஒன்றும் செய்யமாட்டா. கடையில் வாங்கிய குளிசைகளை மாற்றி மாற்றி விழுங்கி ஒரு வாரத்தைப் போக்கிவிட்டு, மூச்சு முட்டத் தொடங்கிய பின்னரே வைத்தியசாலைக்கு ஓடுவோர் பலர். நோய் நெஞ்சறையையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பற்றிய பின்னர் மலிவான மருந்தும் தன் வலிமையை இழக்கின்றது.

ஐந்து நாளுக்கு மேற் காய்ச்சல் நீடிக்குமாயின், குடும்பத்தார் கவனிக்கவேண்டியவை சில உண்டு. சிற்றுண்ணி கடித்த இடத்திற் பலருக்கு ஒரு சிறு கரும்புண் தோன்றும். சுருட்டு நெருப்பாற் சுட்டது போன்ற பொருக்கு அது. நோவதில்லை, தினவெடுப்பதும் இல்லை. அக்குளிலும், இடுப்புத் துணி இறுகும் இடத்திலும், தொடையிடுக்கிலும், பெண்களுக்கு மார்பின் கீழும் அது ஒளிந்திருக்கும். நோகாத புண்ணை நோயாளி அறியமாட்டார். அறிந்தாலும் நம் தாய்மார் வெட்கத்தினாற் காட்டமாட்டார். அந்த ஒரு பொருக்கைக் கண்டால் வைத்தியர் அன்றே மருந்தைத் தொடங்கிவிடுவார். ஆகவே மகளோ சகோதரியோ குளிப்பாட்டும்போது பார்த்து அறிதலும், அதனை வைத்தியரிடம் சொல்லுதலும் உயிர்காக்கும் செயலாகும். தெள்ளுத் தைபசிற் பொதுவாக இப்புண் இராது. செந்தடிப்போ நம்மவர்களின் கருந்தோலில் எளிதிற் தெரியாது. ஆதலால் எலி, தெள்ளு, வளர்ப்பு நாய் பூனைகளின் நிலை ஆகியவற்றைப் பற்றியும் வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

வராமற் காப்பதும் நம் கையில் உண்டு. நெல்லும் அரிசியும் மூடியுள்ள பாத்திரங்களில் இருக்கட்டும். விறகும் மட்டையும் வீட்டுச் சுவரோடு சாத்தப்படாமல் தள்ளி அடுக்கப்படட்டும். எலியைக் கொல்லுமுன் தெள்ளுக்கு மருந்து தெளிக்கவேண்டும். இல்லையேல் செத்த எலியை விட்டுத் தெள்ளுகள் உயிருள்ள மனிதரைத் தேடும். நெடுநாட் கைவிட்டுக் கிடந்த வளவைத் துப்புரவாக்கப் போவோர் காலை மூடிய உடையும் சப்பாத்தும் அணிந்து, புல்லின் மேல் உட்காராமலும் துணியை அதன்மேல் உலரவிடாமலும் வேலை செய்து, வீடு வந்தவுடன் சவர்க்காரமிட்டு முழுகி, உடுத்த துணியைத் தோய்த்துவிடல் வேண்டும். யுத்தத்தால் ஆண்டுக்கணக்கில் ஆளற்றுப் பற்றை மண்டிய காணிகளை மீண்டும் வெட்டித் திருத்தியவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் இது சிறப்பாகப் பொருந்தும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். கோலாலம்பூரில் நடந்த ஆராய்ச்சியிற் பெரிய யந்திரங்கள் எவையும் இருக்கவில்லை. எதிர்பார்த்த விடை வராத குழாயை எறிந்துவிடாமல் வைத்துப் பார்த்த பொறுமையும், கட்டிலிற் கிடந்த கூலியாளின் தொழிலைக் கேட்டு எழுதிய கவனமுமே அங்கிருந்த கருவிகள். வைத்தியம் படிக்கச் செல்வோர், காய்ச்சற்காரரின் நாடியைப் பிடிக்கும்போதே அவர் எங்கே படுக்கின்றார், எங்கே வேலை செய்கின்றார், அண்மையில் எந்த வளவைத் துப்புரவாக்கினார் என்பவற்றையும் கேட்டுப் பழகுவார்களாக. நோயாளியும் கேளாத முன்னரே அவற்றைச் சொல்லப் பழகுவாராயின், பத்தாம் நாளில் அறியவேண்டிய பெயரை நான்காம் நாளிலேயே அறிந்துவிடலாம்.